சுருளின் மறுபாதி

சித்தியின் பயம் சாதாரணப் பயமில்லை. லிஃப்டில் ஏற மாட்டாள். கதவு மணி அடித்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இப்பேர்ப்பட்டவள் பிடித்த தொழிலைப் பாருங்கள்: மற்றவர்கள் வீட்டுப் பழைய படச்சுருள்களைக் கணினியில் ஏற்றித் தருவது. ஒவ்வொரு சுருளும் தன் கையில்தான் அறுந்து தொலையப் போகிறது என்று நடுங்கிக்கொண்டே இத்தனை வருடம் ஓட்டிவிட்டாள். முன்னறையில் உட்கார்ந்து வருகிறவர்களோடு மல்லுக்கட்டுவது என் வேலை.

அன்று வந்தவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தகர டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கைத் துளைத்தது. ஃபிலிம் கெட ஆரம்பித்தால் அந்த வாடைதான் வரும். சித்தியின் முகம் வெளுத்துவிட்டது.

"சுருங்கிப் போயிருக்குங்க. ஒரு தடவைதான் ஓட்ட முடியும். அதுலயே அறுந்தாலும் அறுந்துடும்."

"இதுல எங்கம்மா இருக்காங்களான்னு பாக்கணும்," என்றார் ஓட்டுநர். "நான் கைக்குழந்தையா இருக்கும்போதே செத்துப் போயிட்டாங்க. என்னைப் பெத்ததுலேருந்து ஒரு மாதிரி ஆயிட்டாங்களாம். அம்மா உன்னைத் தொட்டதே இல்லைன்னு அக்கா சொல்லிட்டே இருப்பா. முன்னாடி ஒரு கடையில குடுத்தேன். பாதி ஓட்டிட்டு, மிச்சம் வெளிச்சம் பட்டு வீணாப் போச்சுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

"அப்ப எதுக்கு..." என்று நான் வாயெடுத்தேன். சித்தி முறைத்தாள்.

ஓட்டுநரையும் உள்ளறைக்கு அழைத்துப் போனோம். தூசு பறக்கும் என்று அங்கே மின்விசிறியை நிறுத்தியாயிற்று. சுருங்கிய ஃபிலிமின் ஓட்டைகள் பல்சக்கரத்தில் பொருந்தவில்லை. சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கையாலேயே சுற்றினாள். கேமரா ஒவ்வொரு கட்டமாகப் படம் பிடிக்க, அது திரையில் ஓடியது. ஓட்டுநரின் அக்கா சிறுமியாகச் சைக்கிள் ஓட்டினாள். ஒரு நாய் கொட்டாவி விட்டது. அப்புறம் வெறும் வெள்ளை.

"போதும் சித்தி. இதுக்கு மேல ஒண்ணுமில்ல." எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவள் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் பாதியில விட்டேன்னு நாளைக்கு யாராவது கேட்டா? இந்த மாதிரி சுருளைப் பாதி எடுத்ததும் கேமராவைத் திறந்து திருப்பிப் போடணும். இவங்கப்பா வெயில்ல நின்னு திறந்திருப்பாரு. இந்த வெள்ளை அதுதான். மறுபாதி இன்னும் வரலை." ஃபிலிம் எங்கோ நொறுங்குகிற சத்தம் கேட்டது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றார் ஓட்டுநர். "இல்லைன்னு கண்ணால பாத்துட்டா அப்புறம் என்ன பண்றது?"

சித்தி இன்னும் மெதுவாகச் சுற்றினாள்.

வெள்ளை மெல்லக் கலைந்தது. ஒரு அறை. கதவிடுக்கு வழியாக எடுத்திருக்கிறார்கள். கட்டிலோரம் ஒரு பெண் உட்கார்ந்து, தோளில் கிடந்த குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் நாற்காலியை இறுகப் பிடித்தார். அவள் திரும்பினாள். கேமராவைப் பார்த்ததும் கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல் அரண்டுபோனாள். குழந்தையைப் படுக்கையில் விட்டுவிட்டுச் சட்டென்று விலகினாள். ஃபிலிம் அறுந்தது.

சித்தி அறுந்த நுனியைப் பிடித்துக்கொண்டாள். "அறுந்துடுச்சுங்க. மன்னிச்சிடுங்க. இதுவரைக்கும் ஓடினது கணினியில இருக்கு."

ஓட்டுநர் பிடித்திருந்த நாற்காலியை விட்டார். பிறகு, "என்னைக் கீழ விடுற இடத்தை மட்டும் வெட்டிடுங்க," என்றார். "அதைப் பாத்தா அக்கா சொன்னதுதான் சரின்னு ஆயிடும்."

வெட்டவும் சித்திக்குப் பயம். எதையெல்லாம் வெட்டுகிறோம் என்று கட்டம் கட்டமாக நகர்த்திப் பார்த்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"முகத்தைப் பாக்காதீங்க. கையைப் பாருங்க."

முகம் அரண்டிருந்தது. உடம்பு ஓடுவதற்கே எழுந்துவிட்டது. ஒரு கை மட்டும் குழந்தையின் தலைக்கு அடியில் இருந்தது. அடுத்த கட்டத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. தலை தலையணையில் நன்றாகப் படிந்த பிறகுதான் அந்தக் கை வெளியே வந்தது.

ஓட்டுநர் தன் பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வெட்டாதீங்க," என்றார்.