மூன்றாம் லிஃப்டிலிருந்து வந்த அழைப்பு

நம்புகிறவர்கள் நம்பட்டும். இட்டுக்கட்டிச் சொல்வதால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பட்டப்பகலில், நான் முழு விழிப்போடு இருந்தபோது நடந்தது இது.

பத்தொன்பது மாடி அலுவலகக் கட்டடம். தரைக்குக் கீழே லிஃப்ட் கண்காணிப்பு அறை. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு அவசரப் பொத்தானை அழுத்தினால் என் மேசை போன் அடிக்கும். மெக்கானிக் வரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் வேலை. ஏழு மாதத்தில் நான்கே முறை அடித்தது. காவலாளிகள் எனக்கு வைத்த பெயர் ‘பொம்மை’. வீட்டிலும் அப்படித்தான். மனைவி சாப்பாடு வைப்பாள். சாப்பிடுவேன். எழுந்துவிடுவேன். இருந்தும் இல்லாத பிழைப்பு.

அன்று விடுமுறை. கட்டடமே காலி. மதியம் 3.17-க்குப் போன் அடித்தது. மூன்றாம் லிஃப்ட்.

“சார், மாட்டிக்கிட்டேன்.” ஆண் குரல். பதற்றமே இல்லை.

செல்போனில் மெக்கானிக்கை வரச் சொன்னேன். “பயப்படாதீங்க. அரை மணி நேரத்துல வந்துடுவார்.”

“அதுவரைக்கும் பேசிக்கிட்டே இருங்க. வச்சிடாதீங்க.”

வெயிலைப் பற்றிப் பேசினேன். “வீட்ல யாரு இருக்கா?” என்று கேட்டார். எப்படி ஆரம்பித்தேனோ... பிறந்த அன்றே போய்விட்ட எங்கள் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். அதோடு எனக்கும் மனைவிக்கும் பேச்சே அற்றுப்போனதைச் சொன்னேன். அவர் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தார். மனசு லேசானது.

3.41. எதேச்சையாகச் சுவரிலிருந்த கண்காணிப்புப் பலகையைப் பார்த்தேன். லிஃப்ட் நின்றுபோனால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும்.

எரியவில்லை.

“எந்த மாடிகிட்ட இருக்கீங்க?”

“தெரியல. ரொம்ப நேரமா இருக்கேன்.”

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பேச்சு இருந்தது. மூச்சுச் சத்தம் இல்லை...

3.52. மெக்கானிக் செல்போனில் அழைத்தார். “என்னண்ணே, விளையாடுறீங்களா? மூணாவது லிஃப்ட் தரைத்தளத்துல கதவு திறந்து நிக்குது. உள்ள ஈ, காக்கா இல்ல.”

ரிசீவர் இன்னும் என் மறு காதில்.

“வந்துட்டாரா?” என்றது குரல்.

டக்... டக்... டக்... ரிசீவருக்குள் யாரோ இரும்பைத் தட்டினார்கள்.

“வச்சிடாதீங்க...”

வைக்க மனம் வரவில்லை.

“இருக்கேன்.”

தட்டுவது நின்றது.

“போதும் சார்.”

4.00. லைன் அறுந்தது.

நடந்ததைச் சொல்லி முடித்ததும் மெக்கானிக் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை மனைவியிடம் குழந்தையைப் பற்றிப் பேசினேன். ஐந்து வருடத்தில் முதல் முறை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மெக்கானிக்கை மடக்கிக் கேட்டேன்.

“போன வருஷம்ணே. இதே மாதிரி லீவு நாள். அந்த லிஃப்ட்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டார். நெஞ்சு வலி. நாப்பத்து மூணு நிமிஷம் பொத்தானை அழுத்தியிருக்கார். கீழ யாரும் போனை எடுக்கல. கதவை உடைச்சு உடம்பை நான்தான் தூக்கினேன்.”

எனக்குக் கோபம் வந்தது. “எடுக்கலையா? அன்னைக்கு கீழ டியூட்டியில இருந்தது யாரு?”

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“மாட்டிக்கிட்ட அவரேதாண்ணே.”