முதல் சொம்புத் தண்ணீர்

எனக்கு வாய் நீளம். மலேசியாவில் பீடோர் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இருபது வருஷமாகக் கிளார்க். முதல் படிவத்தில் படிக்கும் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட, பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதப் பாரம் வேண்டும். "நாளைக்குள் வராவிட்டால் பள்ளி பொறுப்பல்ல" என்று எல்லா அம்மாக்களுக்கும் வாட்ஸாப்பில் தட்டிவிடுவேன். ஒருத்தியும் அசைய மாட்டாள்.

"மெரட்டுனா யாருக்கா வருவா? என்ன பயம்னு கேளுங்கலா" என்றாள் புஷ்பலதா.

அவள் எங்கள் கேன்டீனில் தட்டு கழுவுகிறவள். நாற்பத்து நாலு வயது. அவளுக்கே அந்த நோய்தான். ஈப்போ ஆஸ்பத்திரியில் இரண்டாவது தடவை படுத்தபோது புருஷன்காரன் கம்பி நீட்டிவிட்டான். பிள்ளை இல்லை. செத்தால் கொள்ளி போட அண்ணன் கார்த்திகேசுவை விட்டால் நாதியில்லை என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

சாயங்காலமானால் பாரத்தை எடுத்துக்கொண்டு தாமான் குடியிருப்பில் வீடு வீடாகப் போவாள். பழைய ரப்பர் தோட்டத்து ஜனம்தான் அங்கே முழுக்க. சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாக்கள் சொல்வதையெல்லாம் கேட்பாள். கடைசியில், "எங்க காலத்துல இந்த ஊசி இல்லக்கா. இருந்திருந்தா நான் ஏன் ஒங்க வூட்டு வெங்காயத்துக்கு அழுவுறேன்?" என்பாள். கையெழுத்து விழும். என் ஆபீசே செய்யாததை அவள் ஒரு வாரத்தில் செய்தாள்.

ஒரு வீடு மட்டும் திறக்கவில்லை. அண்ணன் வீடு. அண்ணி சாந்தினி, அது நடத்தை கெட்டவளுக்கு வருகிற சீக்கு என்று தாமான் முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள். ஒரே புருஷனோடு வாழ்ந்தவளுக்கும் வரும் என்று ஊசி போட வரும் நர்ஸ் மிஸ்ஸி தொண்டை கிழியச் சொல்லியும் ஏறவில்லை. அந்த நாக்கு அழுகிப் போக!

சாந்தினியின் மகள் ஷாமினி எங்கள் பள்ளியில் முதல் படிவம்; அப்போதுதான் பெரிய மனுஷியானாள். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் சடங்கு, புதன்கிழமை பள்ளியில் ஊசி. சடங்கில் முதல் சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது அத்தையின் உரிமை. புஷ்பலதாவைக் காரில் நான்தான் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சாந்தினி வாசல் கிரில்லைக்கூடத் திறக்கவில்லை.

"ஒன் கையால தண்ணி ஊத்துனா எம்மவ வெளங்குவாளா?" என்றாள். உள்ளே கார்த்திகேசு டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

"நான் ஊத்தல அண்ணி. மண்டபத்துப் பக்கமே வரல. இந்தப் பாரத்துல மட்டும் கையெழுத்து போடுங்க."

சாந்தினி கம்பி வழியாகப் பாரத்தை வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறன்று மண்டபத்துக்கு நான் போனேன். யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரி முதல் தண்ணீர் ஊற்றினாள். புஷ்பலதா கொடுத்தனுப்பிய பட்டுச் சேலையைச் சாந்தினி இரண்டு விரலால் வாங்கி மேசைக்கு அடியில் தள்ளினாள்.

திங்கட்கிழமை பாரம் வந்தது. கையெழுத்து இருந்தது. 'சம்மதமில்லை' என்ற கட்டத்தில் டிக். போன் போட்டேன்.

"கையெழுத்துதானே கேட்டா? போட்டுட்டேன்லா" என்று சிரித்தாள் சாந்தினி. நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

புஷ்பலதாவிடம் காட்டினேன். சோப்பு நுரையோடு வந்தவள் கையைத் துடைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு புதுப் பாரம் ஒன்று கேட்டாள். என் மேசை போனிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணி, கோவப்படல. பிள்ளைய நெனச்சு பயப்படுறீங்க, தெரியுது. எனக்கு டாக்டர் நாள் சொல்லிட்டாங்க. அண்ணன் வந்து கொள்ளி வைக்கணும்னு கேட்டிருந்தேன்ல? அதுவும் வேணாம். என் சாவு வாசப்படியை நீங்க யாரும் மிதிக்க வேணாம். புதுப் பாரம் அக்கா கொண்டாந்து தருவாங்க, 'சம்மதம்'ங்கிற கட்டத்துல போட்டு அனுப்புங்க."

புதன்கிழமை ஷாமினி வரிசையில் நின்றாள். ஊசி போட்டதும் கையைத் தேய்த்துக்கொண்டே கேன்டீன் பக்கம் பார்த்தாள். புஷ்பலதா தட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிக் கழுவினாள்.

மூன்றே மாதத்தில் புஷ்பலதா போய்விட்டாள். கார்த்திகேசு வரவில்லை. வர வேண்டாமென்று தங்கச்சி சொன்ன சொல்லை மீறக்கூடாதாம், பாவி! கொள்ளி வைத்தது சவ வண்டிக்காரர்.

அதற்கு முன்பு, உடலைக் குளிப்பாட்ட வாசலில் கிடத்தியிருந்தபோது, புத்தகப் பையோடு ஷாமினி வந்து நின்றாள். நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னது நான்தான். எனக்கு வாய் நீளம் என்று சொன்னேனே.

"தள்ளுங்க ஆன்ட்டி" என்று என் கையிலிருந்த சொம்பை வாங்கினாள். "அத்தைக்கு மொதத் தண்ணி நான் ஊத்துறேன்."