நான்காவது வரியில் நீச்சல்

அன்று மதியம் மணி ஒன்று நாற்பது. நெதர்லாந்தில் எங்கள் அலுவலக உணவுக்கூடம். தலை நரைத்தவர்கள்கூட ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே சாக்லேட் துகள் தூவி, அதையே மதியச் சாப்பாடு என்று சாப்பிடுவது எனக்கு இன்னும் பழகவில்லை. தயிர்சாத டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, மகள் யாழினி அனுப்பிய இணைப்பைத் தொட்டேன். மன்னார்குடியில் அவள் படிக்கும் கல்லூரியின் மின்னிதழுக்குத் தன்னார்வ மாணவ ஆசிரியராகியிருக்கிறாள். அதற்காகத் தன்னைப் பற்றி எழுதியிருந்தாள்.

‘பிறர் கட்டுரைகளில் “மிகவும்” என்ற சொல்லைத் தேடித்தேடி வெட்டுவேன். பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போடுவேன். கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போய், ஒன்றின் பெயரும் தெரியாமல் திரும்புவேன். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் மாலையில் என்னை வீட்டில் தேடாதீர்கள், எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருப்பேன்.’

மூன்று வரிக்குச் சிரித்தேன். நான்காவதில் ஸ்பூன் நின்றது.

பிள்ளையை ஊரில் விட்டுவந்த உங்களுக்குத் தெரியும்: மதிப்பெண், காய்ச்சல், சாப்பாடு எல்லாம் போனில் வந்துவிடும். அவளுக்கு என்ன பிடிக்கும் என்பது வராது. அவளுக்கு நீந்தத் தெரியும் என்பதையே ஊரோடு சேர்ந்துதான் நானும் படித்தேன். என் பள்ளிக்காலத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி புதுத்தண்ணீர்ச் சுழலில் போய்விட்டாள். அதன்பிறகு நான் கணுக்காலுக்கு மேல் ஆற்றில் இறங்கியதில்லை, யாழினியையும் இறங்கவிட்டதில்லை. அன்று காலைதான் ‘அம்மா, ஆத்துல தண்ணி வந்துடுச்சு’ என்று எழுதியிருந்தாள். அங்கே மாலை ஐந்து தாண்டியிருக்கும். கூப்பிட்டேன். அவளுடைய போனை என் கணவர் எடுத்தார்.

“போன் இங்க சார்ஜ்ல கெடக்கு. அவ ஆத்துக்குப் போயிருக்கா.”

“என்னங்க, இவ்வளவு சாதாரணமா சொல்றீங்க? யாரு அவளுக்கு நீச்சல் கத்துக்குடுத்தா?”

“நான்தான். பம்புசெட் தொட்டியில. ஒன்கிட்ட சொன்னா அங்க ஒனக்குச் சோறு எறங்காதேன்னு சொல்லல.”

“இப்ப மட்டும் எறங்குதாக்கும்! மொதல்ல போய்க் கூட்டிட்டு வாங்க!”

“போறேன், போறேன். கத்தாத.”

என் முகத்தைப் பார்த்து, எதிரே இருந்த அலுவலகத் தோழி லீஸ்பெத் என்னவென்று கேட்டாள். தெரிந்த டச்சில் சொன்னேன்: மகள், ஆறு, நீச்சல், அதுவும் சுடிதாரோடு. பதறுவாள் என்று நினைத்தேன். “உடையோடா? பிரமாதம்!” என்றாள். இங்கே நீச்சல் பரீட்சையில் பிள்ளைகள் சட்டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டுதான் குதிக்க வேண்டுமாம். தவறி விழுகிறவர்கள் நீச்சலுடையிலா விழுகிறார்கள் என்று கேட்டுவிட்டு, இன்னொரு ரொட்டிக்குச் சாக்லேட் தூவினாள்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நம் ஊரில் பம்பு வைத்துத் தண்ணீரை வயலுக்குள் இறைக்கிறோம். இவர்கள் வயலிலிருந்து வெளியே இறைக்கிறார்கள். நிலத்தைவிடக் கால்வாய் உயரத்தில் இருக்கிறது. அத்தனை தண்ணீருக்குக் கீழே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறார்கள்.

எல்லோரும் எழுந்துபோன பிறகு வீடியோ அழைப்பு வந்தது. படித்துறையில், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட யாழினி. பின்னால் துண்டோடு அவள் அப்பா. என் உள்ளங்கையில் எங்கள் ஆறு ஓடியது; ஜன்னலுக்கு வெளியே, என் தலை உயரத்தில், ஒரு படகு போனது.

“அந்த நாலாவது வரிய எடுத்துடு” என்றேன்.

“அதெல்லாம் முடியாதும்மா, எடிட்டர் நான்தான்.” மூச்சு வாங்கச் சிரித்தாள். “வேணும்னா அஞ்சாவதா ஒண்ணு சேக்குறேன். ‘பொங்கலுக்கு அம்மா வர்றாங்க, பம்புசெட் தொட்டியில நீச்சல் கத்துக்குடுக்கணும்.’ போடட்டுமா?”