தொரசாணி குடித்த தொட்டி

புளித்த கழனித்தண்ணியில் பருத்திக்கொட்டை ஊறிய அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. அது வந்த இடமோ, வெள்ளைக்காரத் துரை குளித்த தொட்டி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டோரம் ஆளில்லாமல் கிடந்த 'தொர பங்களா'வுக்கு எங்கப்பா காவல்காரர், அதனால் அதன் பின்கட்டிலேயே வளர்ந்தவன் நான். யானை தலை குனியாமல் நுழையலாம் என்கிற மாதிரிக் கதவுகள், கன்னத்தை வைத்தால் வாழைத்தண்டாய்க் குளிரும் தூண்கள், சாயங்கால வெயிலைச் சிவப்பும் பச்சையுமாகத் தரையில் கொட்டும் கண்ணாடிச் சன்னல்கள். ஏழாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு அழகு இன்னதென்று காட்டியது அந்தக் கட்டடம்தான்.

சிங்கக் கால் வைத்த அந்த வெள்ளைத் தொட்டி கொல்லையில் கிடந்தது. அதில் குடித்து வளர்ந்ததால் எங்கள் வெள்ளைப் பசுவுக்குத் 'தொரசாணி' என்று பேர். அவள் பால் பால்கோவாக் கடைக்குப் போகும். எங்கள் அடுப்பு எரிவது அதில்தான்.

எண்பதுகளின் நடுவில் பங்களாவை மியூசியமாக்க ஓர் அதிகாரி வந்தார். கோயிலுக்குள் போவதுபோல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஒவ்வொரு தூணையும் தன் துண்டாலேயே துடைத்துப் பார்த்த மனுசர். தொட்டியைக் கண்டதும் அவர் முகம் விளக்காகிவிட்டது. அன்றைக்கே புளி போட்டுத் தேய்த்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பதிலாக வைத்த சிமெண்டுத் தொட்டியில் தொரசாணி நாக்கை நனைப்பதோடு சரி. மூன்றாம் நாள் மடி வற்றிவிட்டது, கன்றுக்குட்டி கத்தித் தீர்த்தது.

"ஏட்டி, செத்த குடிச்சித்தான் பாரேன்" என்று கெஞ்சி அலுத்த அம்மா அதிகாரியிடம் போனாள்.

"ஐயா, தொட்டியத் தந்துருங்க. பசு செத்துரும்."

"இது துரை குளிச்சதும்மா."

"அவரு எம்புட்டு நாளு குளிச்சாரு? இவ ஆறு வருசமாக் குடிக்கா."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. தொட்டி வரவில்லை.

திறப்பு விழாக் காலையில் நான் மெல்லக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். தொரசாணி முன்வாசல் படியேறி, பெரிய கதவு வழியே மகாராணிபோல் நடந்துபோய், அலங்காரத்துக்காகத் தொட்டி நிறைய ஊற்றிப் பூ மிதக்கவிட்டிருந்த தண்ணியை ரோஜா இதழோடு குடித்துத் தீர்த்தாள். "ஏலே, எவம்லே அவுத்துவிட்டது?" என்று வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அப்பா கம்பைத் தூக்க, நான் தூணுக்குப் பின்னால். "குடிக்கட்டும், அடிக்காதீங்க" என்று அதிகாரி தடுத்தார். அவள் முகம் நிமிர்த்தும்வரை நின்று பார்த்தவர், உள்ளே போய், விளிம்பு உடைந்ததால் காட்சிக்கு ஆகாதென்று ஒதுக்கியிருந்த துரை முகம் கழுவிய வெள்ளைப் பீங்கான் தொட்டி ஒன்றைத் தானே தூக்கிவந்தார்.

"இதுவும் துரை வீட்டுதுதான், இது ஆகுமான்னு பசுகிட்டக் கேட்டுப் பாருங்க."

சாயங்காலம் அம்மா அதில் கழனி ஊற்றினாள். தொரசாணி ஒரே மூச்சில் குடித்தாள்.

போன மாதம் பங்களாவுக்குப் போயிருந்தேன். தொரசாணி இல்லை, பின்கட்டை இடித்துக் கார் நிறுத்துகிறார்கள். குளியல் தொட்டியின் விளிம்பில் ஓரிடத்தில் வெள்ளை தேய்ந்து இரும்பு தெரிகிறது. "தொர கைய ஊனி ஊனித் தேஞ்ச எடம்" என்று காட்டினான் சுற்றிக்காட்டும் பையன். அது எங்கள் பசு கழுத்தை உரசிய இடம். "எம்புட்டுப் பலம் அந்தக் கைக்கு!" என்று வாயைப் பிளந்துவிட்டு, அவன் திரும்பியதும் குனிந்தேன்.

"அண்ணாச்சி, தொடக்கூடாது!"

"தொடலப்பா, மோந்துதான் பாத்தேன்."

பினாயில் வாடைதான் வந்தது.