மோட்டாரின் காலடியில் ஒரு தகடு

உலகச் சண்டைக் காலத்தில் பாகூர்ப் பக்கம் ஒரு நிலக்காரரின் கிணற்று மோட்டாருக்கு நான் டிரைவர். பட்டம்தான் பெரிது. சுவிட்சைப் போடுவேன், எண்ணெய் விடுவேன், மற்ற நேரமெல்லாம் கொட்டாவி விடுவேன்.

அந்தக் கோடையில் புதிதாக மேடை கட்டி மோட்டாரை ஏற்றினோம். ஏற்றியதிலிருந்து உறுமலும் நடுக்கமும். பெல்ட்டைத் திட்டினேன், பம்பைத் திட்டினேன், எதுவும் ரோஷப்படவில்லை. ஒரு நாள் வெறுத்துப்போய் கரண்டை நிறுத்தினேன். உள்ளே உருளை வேகம் குறையாமல் சுற்றிக்கொண்டிருக்க, நடுக்கம் மட்டும் பட்டென்று நின்றது. அப்படியானால் கோளாறு சுற்றுவதில் இல்லை, காந்த இழுப்பில். கரண்ட் ஓடும்போது வெளிக்கூடு காந்தமாகி, நடுவிலுள்ள உருளையை எல்லாப் பக்கமும் சமமாக இழுக்க வேண்டும். இடைவெளி ஒரு பக்கம் குறுகினால் அந்தப் பக்கமே இழுப்பு கூடிவிடும்.

ஏன் குறுகியது? குனிந்து பார்த்தேன். மோட்டாரின் நாலு காலில் ஒன்றுக்கு அடியில் மட்டும் செப்புத் தகடு. வாசல்நிலைக்கு அடியில் வைக்கிற மாதிரி, மேடை கட்டியபோது நிலக்காரர் பூஜை போட்டு வைத்த மந்திரத் தகடு. அதன்மேல் போல்ட்டை இறுக்கியதில் கூடே முறுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலுக்குத் தினமும் குங்குமம் வைத்த மேதை நான்தான்.

நிலக்காரரிடம் ஓடினேன்.

"தகட்ட எடுத்துடலாங்க."

"இன்னாடா பேசற? சாமி தகட்டுல கை வெப்பியா?"

"அப்ப மத்த மூணு காலுக்கும் அதே கனத்துல வெறுந்தகடு குடுத்துடுவோங்க. சாமிக்கும் கோவமில்ல, மோட்டாருக்கும் நொண்டியில்ல."

சிரித்துவிட்டார். "சரி, வெச்சுக்க. ஆனா தேய்பிறைல வேணாம், அமாவாசை கழியட்டும்."

அதுவரை மோட்டாரை நிறுத்திவைக்கலாம் என்றால், வாய்க்கால் கடைசியில் ஒரு குத்தகைக்காரரின் நெல் பால் பிடிக்கிற சமயம். அவருடைய தண்ணீர் முறை இன்னும் வரவில்லை. கிணற்றங்கரைக்கே வந்துவிட்டார்.

"இன்னா பா, நிறுத்தப் போறியாமே?"

"ஓட்டுனா உருளை ஒரசி எரிஞ்சிடும், அண்ணே."

"நிறுத்துனா என் பயிரு காஞ்சிடும் பா. எம்மாம் நேரம் ஓடுமோ ஓட்டு."

சுவிட்சைப் போட்டேன்.

தண்ணீர் பாதி வாய்க்கால் போயிருக்கும். இரும்பு இரும்பை உரசும் சத்தம், பிறகு புகை. மோட்டாருக்குள் கருகிய கம்பிச்சுருளை மறுபடி சுற்ற டவுன் முழுக்கக் கம்பி தேடினோம். சண்டையில் செம்புக் கம்பி யார் கண்ணிலும் படவில்லை.

பத்தே நாளில் நெல் பதராயிற்று. மாட்டுக்காவது ஆகட்டும் என்று குத்தகைக்காரர் வயலில் இறங்கினார். நானும் ஒரு அரிவாளோடு போய் நின்றேன்.

"அடியோட சேத்து அறு, டிரைவரே," என்றார். "மேல ஒண்ணுமில்ல."