சகலை காருக்குக் கலந்த நிறம்

கார் பெயின்ட் பட்டறையில் அவருக்குச் ‘சொட்டு’ என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூட “அப்படி யாரும் இங்க இல்லையே” என்பார். நிறம் கலப்பது அவர் வேலை. ஒரு டின் பெயின்டில் ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார், அதனால் வந்த பெயர். வெள்ளைக் காருக்கு வெள்ளை அடிக்க இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று வெளியாட்கள் கேட்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? கார் கம்பெனி கொடுத்த நிற நம்பரைப் பார்த்துக் கலந்தால் பாதிக் கிணறுதான் தாண்டலாம். வெயிலில் நின்ற வெள்ளை வேறு, ஷெட்டில் நின்ற வெள்ளை வேறு. வெள்ளி நிறமோ சரியான வேஷக்காரன். நேரே நின்று பார்த்தால் ஒரு முகம், பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் இன்னொரு முகம். இரண்டும் பொருந்தினால்தான் வேலை முடிந்தது.

கலந்ததைச் சின்ன அட்டையில் அடித்து, காரோடு ஒட்டிவைத்து, விளக்கடியில் ஒரு தடவையும் வாசல் வெயிலில் ஒரு தடவையும் பார்ப்பார். அப்புறம்தான் ஸ்ப்ரேக்குக் கொடுப்பார். சந்தேகம் தீராத அட்டை அவரோடு வீட்டுக்கு வந்துவிடும். காலையில் வராந்தாவில் நின்று அவரும் மனைவியும் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். “ஓரத்துல கறுக்குதுங்க” என்பாள் அவள். சொன்னால் சரியாகத்தான் இருக்கும், கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகிய கண். மற்ற வீட்டில் புருஷன் பெண்டாட்டி ஊர்வம்பு பேசுவார்கள், இந்த வீட்டில் அட்டை பேசுவார்கள்.

இதைச் சொல்வது அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட இல்லை. மனுஷருக்கு ஒரு வியாதி உண்டு, வயிற்றெரிச்சல். மாத்திரை போட்டால் அடங்குகிற ஜாதி இல்லை. ஊரில் யார் மாளிகை கட்டினாலும் அவருக்கு ஒன்றும் செய்யாது. எரிவதெல்லாம் ஒரே ஆள் மேல். மனைவியின் தங்கை புருஷன், அவருடைய சகலை.

சகலை ஆஸ்பத்திரிகளுக்கு மெஷின் விற்கிற கம்பெனியில் மேனேஜர். ஆள் உயரம், சட்டை கசங்காது, வாயைத் திறந்தால் வீடே சிரிக்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நல்லவனாகவும் இருந்து தொலைத்தார். பார்த்த இடத்தில் “அண்ணே” என்று எழுந்து நிற்பார், தட்டில் முதலில் இவருக்கு வைக்கச் சொல்வார். கெட்டவனாக இருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்க்கலாம். நல்லவனைப் பார்த்து எரிவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று எரிந்தவனுக்குத்தான் தெரியும்.

மாமனாரை டாக்டரிடம் கூட்டிப்போவது முன்பெல்லாம் சொட்டுவின் பொறுப்பு. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, இவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் தன் ஆபீஸ் காலத்துக் கதைகளைக் காதுக்குள் சொல்லிக்கொண்டே வருவார் பெரியவர். ஆண்பிள்ளை இல்லாத வீடு. இவர்தான் பிள்ளை மாதிரி என்று அவரே ஒருநாள் டாக்டரிடம் சொன்னார். அப்புறம் சகலை வெள்ளி நிறத்தில் ஒரு புதுக் கார் வாங்கினார், அதோடு சரி. “உங்களுக்கு ஏன் மாப்பிள்ளை சிரமம்?” என்றார் மாமனார். சிரமம் என்று இவர் எப்போது சொன்னார்? ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் அவருக்கென்று மிச்சம் நின்றது ஒரே ஒரு மரியாதை. நிறம் என்று வந்துவிட்டால் அவர் சொல்வதுதான் சட்டம். ஜன்னல் திரையோ, சுவர் பெயின்டோ, தைக்கிற நூலோ, “பெரிய மாப்பிள்ளையைக் கேளு” என்பார் மாமியார். அந்த இடத்தில் சகலையின் பேச்சு எடுபடாது. அந்த ஒரு படியில் காலை ஊன்றித்தான் மனுஷர் நின்றுகொண்டிருந்தார்.

இப்படியிருக்க ஒருநாள் சகலையிடமிருந்து போன் வந்தது. குரலில் உயிரே இல்லை.

“அண்ணே, வண்டி போச்சுண்ணே. ஹைவேல ஒரு ஜல்லி லாரி. மேல தார்ப்பாய் கட்டலை. ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினான் பாருங்க, கல்லெல்லாம் என் மேலதான் வந்து விழுந்தது.”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். பானெட் முன்னாடி முழுக்கப் பொத்தல் பொத்தலா இருக்கு. ஒரு இடத்துல தகடே தெரியுது.”

சொட்டுவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. பொய் சொல்வானேன், அதுதான் உண்மை. முகத்தை மட்டும் துக்கத்தில் வைத்துக்கொண்டு, போனில் முகம் தெரியாது என்பதுகூட மறந்துபோய், “லாரிக்குப் பின்னால ஏன் ஒட்டிக்கிட்டுப் போனீங்க சகலை, ஜல்லி வண்டின்னா ஒதுங்கி வர வேண்டாமா?” என்று கண்டித்தார்.

“புத்தி வந்துடுச்சுண்ணே. கம்பெனி சர்வீஸ்ல விடச் சொன்னாங்க, நான் மாட்டேன்னுட்டேன். உங்க கையில குடுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

மறுநாளே வண்டி பட்டறைக்கு வந்தது. பானெட்டின் முன் ஓரத்தில் அம்மைத் தழும்பு போட்டதுபோலக் கல் தெறித்த புள்ளிகள். தனித்தனிப் புள்ளி என்றால் மெல்லிய பிரஷ் முனையால் தொட்டு அடைத்து, காயவிட்டுத் தேய்த்தால் போதும். இடது ஓரத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் புள்ளியும் புள்ளியும் கூட்டு சேர்ந்திருந்தன. அதைத் தேய்த்து, துரு பிடிக்காமல் பிரைமர் கொடுத்து, அந்த இடத்துக்கு நிறம் அடித்துச் சுற்றிலும் பழைய நிறத்தோடு கரைத்துவிட்டாக வேண்டும். அங்கேதான் கலவை பேசும்.

சொட்டு கலந்தார். முதல் அட்டை கொஞ்சம் நீலம் தட்டியது. இரண்டாவது அட்டை நேரேயும் பொருந்தியது, பக்கத்திலும் பொருந்தியது. காரோடு ஒட்டிவைத்தால் அட்டை எங்கே முடிகிறது என்று அவருக்கே தேட வேண்டியிருந்தது. தொழில் என்று வந்தால் கை பொறாமைப்படாது போலிருக்கிறது என்று அவரே ஆச்சரியப்பட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துச் சகலை கலவை அறைக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்திருந்தார், அவர் குணம் அது.

“அவசரமே இல்லைண்ணே. வர்ற வாரத்துக்குள்ள கிடைச்சாப் போதும். மாமா, அத்தை எல்லாரையும் கூட்டிக்கிட்டு நாலு நாள் கடற்கரைப் பக்கம் போயிட்டு வரலாம்னு இருக்கோம்.”

சொட்டுவின் கை டின் மூடியிலேயே நின்றுவிட்டது. “அப்படியா, வீட்ல ஒண்ணும் சொல்லலையே.”

“நேத்துதான் முடிவாச்சு. உங்களையும் அக்காவையும் விட்டுட்டுப் போறது மனசுக்கு ஒரு மாதிரி இருக்குண்ணே. நாங்க ரெண்டு பேரு, அவங்க ரெண்டு பேரு, குழந்தை வேற. வண்டியில இடம் அவ்வளவுதான். மாமாதான் சொன்னார், பெரிய மாப்பிள்ளை ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்னு.”

நினைச்சுக்க மாட்டாராம். இந்த உலகத்தில் ஒன்றும் நினைத்துக்கொள்ளாத மனுஷன் என்று யாராவது இருக்கிறானா? பொறுத்துப்போகிறவன் தலையிலேதான் இன்னும் கொஞ்சம் மிளகாய் அரைப்பார்கள். “அதனாலென்ன, நல்லபடியா போயிட்டு வாங்க” என்று சொல்லி டீயைக் குடித்து முடித்தார். சகலை போனார். சொட்டு கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு அவர் செய்ததை அந்தப் பட்டறையில் வேறு யாராலும் செய்திருக்க முடியாது, செய்யத் தெரியாது. பொருந்தியிருந்த கலவையில் கறுப்பில் ஒரு சொட்டு விட்டார். கறுப்பு நேரே பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பெரிய மணியாக மின்னுகிற வெள்ளித்தூள் சாந்தை ஒரு துளி சேர்த்தார். அது நேரே பார்ப்பவன் கண்ணில் வெளிச்சத்தை அடிக்கும், ஓரத்தில் இன்னும் கறுக்கும். புது அட்டை அடித்து விளக்கடியில் பிடித்தார். நேரே பார்த்தால் குற்றம் சொல்ல இடமில்லை. மெல்லச் சாய்த்தார். ஈரத்துணி பட்டதுபோல ஓர் இருட்டு வந்து நின்றது. சாய்வெயிலில், வண்டியின் இடது பக்கம் நிற்பவனுக்கு மட்டும் தெரிகிற இருட்டு. இருக்கட்டும், அவ்வளவு அழகான வண்டிக்கு ஒரு மச்சம் இருக்கட்டும் என்று நினைத்தார். அன்றைக்கு அட்டையை வெயிலுக்கு எடுத்துப் போகவில்லை. “ஓகேவாண்ணே?” என்று ஸ்ப்ரே அடிக்கிறவர் கேட்டார். சொட்டு தலையை ஆட்டினால் அங்கே மறுபேச்சு கிடையாது. அடித்தார்கள், மேலே பளபளப்புக்குக் கிளியர் பூச்சு கொடுத்தார்கள், பாலிஷ் போட்டார்கள்.

வண்டி எடுக்க வந்த சகலை பானெட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது, கிறுக்கு மனுஷன். “கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு எங்கம்மா சொல்வாங்க. நல்லவேளை, எனக்குக் கல்லடியோட போச்சு. அதையும் நீங்க இல்லாம ஆக்கிட்டீங்க” என்று சொல்லிச் சொட்டுவைக் கட்டிக்கொண்டார். சொட்டுவின் கையிலிருந்த பெயின்ட் துணி இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கசங்காத அந்தச் சட்டையில் கறை பட்டது. சகலை அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடற்கரைக்குப் போனார்கள், வந்தார்கள். வந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். மத்தியானம் சாப்பாடு முடிந்து, கடற்கரைக் கதையெல்லாம் கேட்டு முடிந்து, வெயில் சாய்கிற நேரம். சொட்டு ஜன்னல் பக்கம் போகவே கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தார். கால் கேட்கவில்லை. போய்ப் பார்த்தார். தெருவோரம் வண்டி நின்றது. இடது ஓரத்தில் அந்த உள்ளங்கை அகலம் கறுத்துக்கொண்டு, ‘இதோ இருக்கேன்’ என்றது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. தன் வேலையில் ஒரு குறை தெரிந்தால் எப்போதும் நெஞ்சில் குத்துமே, அந்தப் பழைய குத்துத்தான் வந்தது.

வாசலில் சகலை பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து நிறுத்தியிருந்தார். “எங்க கல்லு பட்டதுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்.” பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் குனிந்து பார்த்தார், மூக்கு உரசுகிற மாதிரி பார்த்தார். “தெரியலையே சார்” என்றார். வீடே வாசலுக்கு வந்துவிட்டது. மாமனார் சொட்டுவின் தோளில் கைபோட்டு, “இவர் கை அப்படி. நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார். எத்தனை மாதம் கழித்து அந்தக் கை தோளுக்கு வந்திருக்கிறது. சொட்டுவுக்கு நெருப்பை வைத்ததுபோல இருந்தது.

அப்போது மனைவி உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முன்னால் கூட்டமாக இருந்ததால் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் நின்றாள். பார்த்தாள். தலையை ஒருபக்கம் சாய்த்தாள், வராந்தாவில் அட்டைக்குச் சாய்ப்பாளே, அதே சாய்ப்பு. அப்புறம் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

“என்னக்கா அப்படிப் பார்க்கறே? ஏதாச்சும் தெரியுதா?” என்றாள் தங்கை.

எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அந்த வீட்டில் சொட்டுவுக்கு நிற்க இடமில்லை.

“ஒண்ணும் தெரியலைடி. ரொம்ப நல்லா வந்திருக்கு” என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் அவள் பேசவே இல்லை. வழக்கமாக மாமியார் வீட்டிலிருந்து வரும்போது வாய் மூடாது. வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், சொட்டு தானாகவே ஆரம்பித்தார்.

“ஒரு சொட்டு கூடிடுச்சு. வயசாகுதில்ல, கண்ணு முன்ன மாதிரி இல்லை.”

“உங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆகலை. கண்ணு மங்கினா நேரயும்தான் தப்பா வந்திருக்கும்.” அவள் சத்தம் போடவில்லை. “நேர பார்த்தா அச்சு அசலா பொருந்துது. ஓரத்துல மட்டும் அவ்வளவு கறுப்பு. அதைத் தெரியாம கலக்க முடியாதுங்க.”

அவர் அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். “எனக்கு எரிஞ்சது” என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னார். “உங்கப்பா, கார், கடற்கரை, எல்லாம் சேர்ந்து எரிஞ்சது. வண்டியைத் திரும்பக் கொண்டாரச் சொல்றேன். கிளியர்ல கோளாறுன்னு சொல்லிச் சரி பண்ணிடறேன்.”

“பண்ணுவீங்க. பானெட்டைச் சரி பண்ணிடுவீங்க.” அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். “உங்களுக்கு மட்டும்தான் எரியுதுன்னு நினைச்சீங்களா? அவ என் கூடப் பிறந்தவ. அவ வீட்டு சோபா, அவ கார், அவ போட்டுக்கறது எல்லாத்தையும் பார்த்துட்டு உங்க பின்னால உட்கார்ந்து வர்றேனே, எனக்கு எப்படி இருக்கும்? வழியெல்லாம் ஏன் வளவளன்னு பேசிக்கிட்டே வர்றேன்னு நினைச்சீங்க? ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள ஒண்ணே ஒண்ணு சொல்லிக்குவேன். அவ புருஷன் வாங்கத்தான் முடியும், என் புருஷன் கை பொய்யே சொல்லாதுன்னு.”

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

“அடுத்த ஞாயித்துக்கிழமையும் அங்கதான் போகணும். இனிமே நான் எதைச் சொல்லிக்கிட்டு வர்றது?”