‘கழுவியது’ என்று எழுதிய கடதாசி

பழைய நாணயத்தைக் கழுவக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஒருத்தரும் மதிக்காத விதியும் அதுதான். நாணயம் சேர்க்கிற உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, நீங்களும் வீட்டில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருப்பீர்கள். வெள்ளவத்தையில் அண்ணாவின் போட்டோக்கொப்பிக் கடை மூலையில் என் கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே முழுக்க ஐரோப்பிய நாணயங்கள். அந்த இடத்தில் போன் கவர் தொங்கவிட அண்ணாவுக்கு நெடுநாள் ஆசை. இனி ஒரு வியாபாரம் கெட்டாலும் பெட்டி வெளியே என்று சொல்லியிருந்தார். பார்ப்போம் என்றேன் நானும்.

தலைகீழ் பிராங்க்

தெஹிவளை ஐயா ஒருவர் பழைய பிரெஞ்சு பிராங்க் ஒன்று வாங்கிப்போனார். அடுத்த நாள் கடை திறக்கமுதல் வந்து நிற்கிறார். “பிள்ளை, இது கள்ளக் குத்தி. முன்பக்கம் நேர், பின்பக்கம் தலைகீழ்!” அண்ணா காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். கொடுப்பேனா? ஐயாவின் சட்டைப்பையில் இருந்த எங்கள் ரூபாய் நாணயக் குத்தியை வாங்கி, புத்தகத் தாள் மாதிரிப் புரட்டினேன். இரண்டு பக்கமும் நேர். பிராங்கை மேலிருந்து கீழாகப் புரட்டினேன். அதுவும் நேர். “அவங்கள் அடிக்கிற முறை அப்படி ஐயா. இப்படி இல்லாட்டித்தான் நீங்கள் பயப்பட வேணும்.”

அவர் பத்துத் தரம் புரட்டிப் பார்த்தார். “ஓம், விளங்குது. வீட்டில மனுசிக்குத்தான் விளங்காது. நீங்களே ஒருக்கா போனில கோல் எடுத்துச் சொல்லுங்கோ.”

ஒரே முகம், இரண்டு பாஷை

பொரளையிலிருந்து வருகிற சிங்கள மாத்தயா தமிழை ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தி, பிழையில்லாமல் பேசுவார். என்னைக் கூப்பிட மட்டும் சிங்களம்தான்: ‘நங்கி’, தங்கச்சி. அவருக்கென்று இரண்டு பெல்ஜிய ஐம்பது சதங்களை எடுத்து வைத்திருந்தேன். வெண்கலம், புழக்கத்துக்கே போகாதவை. இரண்டிலும் தலைக்கவசம் போட்ட சுரங்கத் தொழிலாளியின் முகம். “ரெண்டும் ஒண்டுதானே?” என்றார். எழுத்தைப் பாருங்கள் என்றேன். ஒன்றில் நாட்டின் பெயர் பிரெஞ்சில், மற்றதில் டச்சில். அந்த நாட்டில் பாஷைக்கொன்றாகத் தனித்தனியே அடித்தார்கள்.

சனிக்கிழமை வந்து எடுப்பதாகச் சொல்லிவிட்டு, போகும்போது வாசலில் நின்று திரும்பினார். “எங்கட குத்தியில மூண்டு பாஷையும் ஒண்டா இருக்கு நங்கி. நாங்கதான் தனித்தனியா நிக்கிறம்.”

வெள்ளிக்கிழமை விளக்கு

பத்திரமாக இருக்கட்டும் என்று அந்த இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அண்ணி குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கினவ, அந்தக் கையோடு என் பெல்ஜியத்தையும் மினுக்கிவிட்டா. எத்தனை வருடமாக ஏறின தேன் நிறம், ஒரு உருண்டைப் புளியில் போய்விட்டது. சேர்க்கிறவர்கள் அந்த நிறத்துக்குத்தான் காசு கொடுப்பார்கள். ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்தது. அண்ணி பாவம், நல்லது செய்த சந்தோசத்தில் நின்றா.

“பாருங்கோ மச்சாள், பளபளவெண்டு இருக்கு. இனி கேட்ட விலை குடுப்பினம்.”

சனிக்கிழமை

ஒரு துண்டுக் கடதாசியில் ‘கழுவியது’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, நாணயங்களுக்குக் கீழே வைத்தேன். மாத்தயா வந்தார், வாசித்தார், எடுத்த லென்ஸைத் திரும்பப் பைக்குள் போட்டார், வாங்காமல் போய்விட்டார்.

அண்ணாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சொல்லாமல் விட்டிருந்தால் அந்த மனுசனுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டார். தெரியாட்டியும் சொல்லியிருப்பன் என்றேன். “ஒண்டு அந்தக் கடதாசியை எடு, இல்லாட்டிப் பெட்டியை எடு.”

கொட்டாஞ்சேனை

பெட்டியை எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே சிநேகிதி ஒருத்தியின் தையல் கடையில் ஒரு மூலை கிடைத்தது. வீறாப்பாக இறங்கினேனே தவிர, திரும்பிப் போவோமா என்றுதான் வழி முழுக்க யோசித்தேன். ஒரு கிழமையாக நூலும் ஸிப்பும் வாங்க வந்தவர்கள்தான். பிறகு ஒரு நாள், தைத்த சட்டை எடுக்க வந்த பெண் ஒருத்தி குனிந்து அந்தக் கடதாசியை வாசித்தாள். இதை ஏன் நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பெட்டி முழுவதையும் பார்த்தாள். “அப்ப எழுதாததெல்லாம் கழுவாததுதானே அக்கா? அதில ஒண்டு தாங்கோ.”

கழுவின இரண்டையும் இதுவரை ஒருத்தரும் வாங்கவில்லை, ஆனால் பெட்டிக்குள் ஒழுங்காக வேலை செய்கிற ஆட்கள் அவர்கள் இரண்டு பேரும்தான்.